ஒற்றைத் தலையாக விற்கப்படும் ‘இம்பெர்ஃப்’ தபால்தலைகள் குறித்து ஓர் எச்சரிக்கை

சுதந்திர இந்தியாவின் தபால்தலைகளில் பிழைத்தலை (அச்சகத்தில் தவறாகத் தயாராகி, அதனாலேயே மதிப்புப் பெறும் தலை) தேடுபவர்கள், குறிப்பாக வாட்ஸ்அப் ஏலக் குழுக்களில் வாங்குபவர்கள், பணம் அனுப்புமுன் இதைப் படித்துவிடுவது நல்லது. அப்படியொரு குழுவில் ஒரு விற்பனையாளரிடமிருந்து மூன்று தலைகளை ஒரே தொகுப்பாக 9,500 ரூபாய்க்கு எடுத்தேன். ஒன்று, 1970-களில் வெளிவந்த ஒரு நினைவுத் தலையின், கிழித்தெடுக்க ஓரத்தில் இடும் துளைகள் இல்லாத பிரதி, அதாவது ‘இம்பெர்ஃப்’. இன்னொன்று, அரிய துளையளவு என்று விளம்பரப்படுத்தப்பட்ட நிரந்தர வரிசைத் தலை, அதாவது அன்றாட அஞ்சலுக்காகத் தொடர்ந்து அச்சிடப்படும் தலை. மூன்றாவது, மஞ்சள் நிறம் விடுபட்டதாகச் சொல்லப்பட்ட பலவண்ணத் தலை. மூன்றும் நாசிக் அச்சகத்திலேயே பிழையாக வெளிவந்தவை என்றும், திருப்தி இல்லையென்றால் ஒரு வாரத்துக்குள் திருப்பி அனுப்பலாம் என்றும் எழுத்திலேயே உறுதி தரப்பட்டது. மூன்றையும் ஆராய்ந்து பார்த்ததில், ஒன்றுகூட அச்சகத்தில் பிழையானது அல்ல. எல்லாமே வெளியே யாரோ கையால் ‘தயாரித்தவை’ என்று தெரிந்தது.

முதல் தலையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஏமாற்று மிக எளிதானது. அந்தக் காலத்து நினைவுத் தலைகளுக்கு அஞ்சல் துறை வெளியிட்ட தகவல் தாளில் மொத்த அளவு, அச்சு அளவு இரண்டும் குறிக்கப்பட்டிருக்கும். இந்தத் தலைக்கு மொத்த அளவு 3.91 × 2.90 செ.மீ. அது ஒரு துளை வரிசையின் நடுவிலிருந்து அடுத்த வரிசையின் நடுவரை உள்ள தூரம். உண்மையிலேயே துளையிடாமல் போன தாளிலிருந்து ஒரு தலையை ஒழுங்காக வெட்டினால் ஏறத்தாழ அந்த அளவாவது இருக்க வேண்டும். துளையிட்ட தலையின் பற்களை நறுக்கி எடுத்தாலோ, நாற்புறமும் பாதித் துளையின் அகலம் குறைந்துவிடும். எனக்கு வந்த தலை 3.78 × 2.78 செ.மீ. மட்டுமே இருந்தது. பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் பார்த்தபோது, கீழ் இடது மூலையில் கத்தி சரியாக எட்டாத இடத்தில், பழைய மூலைத் துளையின் வளைவு பிறைக்கீற்றாக எஞ்சியிருந்தது. ஏலத்தில் காட்டிய படத்தில் இது தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை; தலையை வெள்ளைத் தாளின்மேல் வைத்துப் படம் எடுத்திருந்ததால், ஓரம் எங்கே முடிகிறது, தாள் எங்கே தொடங்குகிறது என்பதே அதில் புலப்படவில்லை.

அளவைக் குறிப்பிட்டு விற்பனையாளருக்கு எழுதியதும், அப்படியானால் அது ‘பிளைண்ட் பெர்ஃப்’ ஆக இருக்கலாம் என்று பதில் வந்தது. பிளைண்ட் பெர்ஃப் என்பது ஊசிகள் தாளில் அழுந்தியும் துளை விழாமல் போவது. சாய்வான வெளிச்சத்தில் பிடித்தால் ஓரத்தில் வட்ட வட்டமான அழுத்தத் தடங்கள் தெரியும். அத்தகைய தலையை இம்பெர்ஃப் என்று விற்பதே தவறு. இந்தத் தலையில் அழுத்தத் தடமும் இல்லை, அது இருப்பதற்கான ஓரமும் இல்லை.

இரண்டாவது தலை இன்னும் உழைப்போடு செய்யப்பட்டது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 1979-இல் தொடங்கிய விவசாய நிரந்தர வரிசையில் ஒரே படம் வெவ்வேறு துளையளவுகளில் வந்திருப்பது உண்மை. அந்த உண்மையை நம்பித்தான் இந்த வியாபாரம் நடக்கிறது. துளையளவு என்பது 2 செ.மீ. நீளத்தில் எத்தனை துளைகள் என்ற கணக்கு. இதை அளக்கும் கேஜை வைத்துப் பார்த்தால் மேல் ஓரம் விற்பனையாளர் சொன்ன 13-க்குப் பொருந்தியது. ஆனால் கேஜ் சொல்வது எண்ணிக்கையை மட்டுமே. துளையை யார் போட்டார்கள் என்பதை அது சொல்லாது. அதே படமுள்ள சாதாரணத் தலை ஒன்றை இதன்மேல் வைத்தபோது, இது இரு திசையிலும் குறுகியிருந்தது. சீப்பு முறையில், அதாவது ஒரு வரிசைத் தலைகளின் மூன்று பக்கங்களுக்கும் ஒரே அடியில், துளையிட்ட தலையில் இடப்புறத் துளையும் வலப்புறத் துளையும் நேருக்கு நேர் நிற்க வேண்டும்; இதில் வலப்புறம் படிப்படியாக இறங்கிக்கொண்டே போனது. தாளிலிருந்து கிழித்தெடுத்த தலையின் பல் நுனியில் நார் நாராகப் பிசிறு இருக்கும். இதில் நுனிகள் வெட்டியதுபோல் மொட்டையாக இருந்தன. பற்களை நறுக்கிவிட்டுப் புதிதாகத் துளையிட்டிருக்கிறார்கள்.

மஞ்சள் விடுபட்ட தலையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வெயிலிலும் வெளுப்பானிலும் முதலில் போவது பெரும்பாலும் மஞ்சள்தான். இதில் சிவப்பும் சற்று வெளிறியிருந்தது, பின்புறப் பசை முற்றிலும் கழுவப்பட்டிருந்தது, புற ஊதா விளக்கின் கீழ் தாள் சாதாரணத் தலையின் தாளைப்போல் ஒளிரவில்லை. ‘பசையில்லா மின்ட்’ (பயன்படுத்தாத, ஆனால் பசையற்ற தலை) என்று விளம்பரத்தில் போட்டதன் காரணம் அப்போதுதான் விளங்கியது.

அந்த விளம்பரம் 1854-ஆம் ஆண்டின் தலைகீழ் விக்டோரியா நான்கணாத் தலையையும், 1918-இல் தலைகீழ் விமானத்தோடு வந்த அமெரிக்க 24 சென்ட் தலையையும் எடுத்துக்காட்டாகச் சொல்லி ஆசை காட்டியது. அவை வேறு வகைப் பிழைகள். இரண்டிலும் சிவப்பும் நீலமும் தனித்தனியே அச்சாயின. ஒரு முறை தாள் திரும்பிப் போனதால் படம் தலைகீழானது. ஒரு சாதாரணத் தலையின் ஓரத்தை நறுக்கியோ நிறத்தைக் கழுவியோ அவற்றை உருவாக்க முடியாது. கத்தரிக்கோலும் வெளுப்பானும் உண்டாக்கிவிடக்கூடிய பிழைகளுக்கு மதிப்பு வேண்டுமென்றால், அதற்கான ஆதாரம் தலையோடு வர வேண்டும். பிரிட்டிஷ் நிறுவனமான ஸ்டான்லி கிப்பன்ஸின் தபால்தலை விலைப்பட்டியலில் இம்பெர்ஃப் தலைகளை ஜோடியாகக் குறிப்பிட்டே விலை போடுவது இதனால்தான்: இரண்டு தலைகள் வெட்டப்படாமல் ஒட்டியிருந்தால், நடுவில் துளை இல்லை என்பதை யாரும் மறுக்க முடியாது. ஒற்றைத் தலை என்றால் ஓரம் தாராளமாக இருக்க வேண்டும், கூடவே படம் ஒட்டிய நிபுணர் சான்றிதழும் வேண்டும். விற்பவரே கையெழுத்திட்டுத் தரும் ‘உத்தரவாத அட்டை’ சான்றிதழ் ஆகாது.

திருப்பி அனுப்புகிறேன் என்றதற்கு, படத்தில் பார்த்ததைத்தானே வாங்கினீர்கள் என்று கேட்டுவிட்டு விற்பனையாளர் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார். விளம்பரப் படங்கள், அவர் எழுதிய உறுதிமொழி, யுபிஐ ரசீது, பக்கத்தில் மில்லிமீட்டர் அளவுகோல் வைத்து எடுத்த படங்கள் ஆகியவற்றைத் திரட்டித் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 வழியாகப் புகார் பதிவு செய்திருக்கிறேன். இன்னும் தீர்வு வரவில்லை. இதற்கிடையில் அதே குழுவில் அதே நினைவுத் தலையின் ‘இம்பெர்ஃப்’ மீண்டும் ஏலத்துக்கு வந்திருப்பதாக நண்பர் ஒருவர் தெரிவித்தார். இம்முறையும் ஒற்றைத் தலை, வெள்ளைப் பின்னணி. ஏலம் கேட்பதாக இருந்தால், கறுப்பு அட்டைமேல் அளவுகோலோடு வைத்து முன்னும் பின்னும் எடுத்த படத்தை முதலில் கேளுங்கள். அகலம் 3.91 செ.மீ.க்குக் குறைந்திருந்தால் ஏலத்தில் இறங்காதீர்கள்.