பிரின்ஸ் ஆஃப் பெர்சியா (1989): சில மாதம் மறுபடி ஆடிப் பார்த்ததில்

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த கேம் இன்னமும் பிடிக்கிறது. ஆனால் சின்ன வயதில் "ரொம்பக் கஷ்டமான கேம்" என்று பெருமையடித்துக்கொண்டதில் பாதி கஷ்டமே இல்லை, வெறும் வம்பு.

இப்போது ஆடுவது எஸ்டிஎல்பாப் என்ற இலவச வடிவம். பழைய டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய கணினி இயங்குதளம்) பதிப்பைப் பிரித்து ஆராய்ந்து ஆர்வலர்கள் திரும்பக் கட்டியது. ஆட்டம் பழையபடியேதான். கூடுதலாக, எஃப்6 அழுத்தினால் நிற்கிற இடத்திலேயே சேவ் ஆகும், எஃப்9 அழுத்தினால் அங்கேயே திரும்பலாம்.

முதல் சில நாள் கடுப்பேற்றியது நாம் ஆட்டிவைக்கும் இளவரசனின் மந்தம்தான். அம்புக்குறியை அழுத்தியதும் ஓடமாட்டான். உடம்பைச் சாய்த்து, எட்டு வைத்து, அப்புறம்தான் வேகம் பிடிப்பான். ஓடும்போது திரும்பச் சொன்னால் சறுக்கி நின்றுதான் திரும்புவான். இதை உருவாக்கிய ஜோர்டன் மெக்னர் தன் தம்பி ஓடுவதையும் தாவுவதையும் வீடியோ எடுத்து, அதிலிருந்து ஒவ்வொரு அசைவாக வரைந்தார். தொடங்கிய அசைவு முடிந்தால்தான் அடுத்தது. விரல் அசைந்தவுடன் ஆள் அசையும் இன்றைய கேம்களுக்குப் பழகியவனுக்கு இது பெரிய குறையாகத் தெரிந்தது. ஆடஆட அந்த எண்ணம் மாறிவிட்டது. ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தின் விளிம்புக்கு மெல்ல நகர்ந்தால், கடைசியில் ஒரு காலை நீட்டி வெறும் காற்றைத் தொட்டுப் பார்த்துப் பின்வாங்குவான். ஓட இடம் விட்டுப் பின்னால் போய், ஓடித் தாவி, எதிர்விளிம்பை ஷிஃப்டால் பற்றும்போது மனசு ஒரு நொடி நிற்கிறது. உடம்புக்குக் கனம் இருப்பதால்தான் அந்தப் பயம் வருகிறது. ஆகவே மந்தத்தைக் குறைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.

உண்மையான குறை அந்த 60 நிமிடம். வில்லன் ஜாஃபரிடமிருந்து இளவரசியை மீட்க, 12 லெவலையும் ஒரு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். செத்தால் லெவலின் தொடக்கத்துக்குப் போய்விடுவோம், கடிகாரம் மட்டும் திரும்பாது. மூன்றாவது லெவலில் மட்டும் நடுவழியில் ஒரு சலுகை உண்டு. மற்றபடி கடைசிக் கதவருகே செத்தாலும் அதே தாழ்வாரம், அதே வெட்டும் கத்திகள், அதே தளர்ந்த கற்கள். டாஸ் பதிப்பில் கண்ட்ரோல்-ஜி அழுத்திச் சேமிக்கலாம், ஆனால் மிச்சமிருக்கும் நிமிடங்களும் சேர்ந்தே சேவ் ஆகும். மோசமான நேரத்தில் சேமித்தால் அந்த சேவ் எதற்கும் உதவாது. ஆக, முதல் தடவை ஆடுவது ஆட்டமே இல்லை, வரைபடம் போடும் வேலை. அவசரத்தால் பரபரப்பு வருகிறது என்பார்கள். சரி, ஆனால் எட்டாவது லெவலில் கம்பிக்கதவுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, இளவரசி அனுப்பும் வெள்ளை எலி வந்து பொத்தானை மிதிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்போதும் கடிகாரம் ஓடுகிறதே! (அந்த எலியை அனுப்புவதைத் தவிர இளவரசிக்கு இந்தக் கேமில் செய்வதற்கு வேறொன்றும் கொடுக்கவில்லை என்பதும் இப்போதுதான் உறைக்கிறது.)

வாள்சண்டையும் அன்று தோன்றிய அளவுக்கு இல்லை. தடு, வெட்டு, தடு, வெட்டு என்ற தாளம் பிடிபட்டால் பெரும்பாலான காவலாளிகள் விழுந்துவிடுகிறார்கள். வெட்டினாலும் சாகாத எலும்புக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளிப் பள்ளத்தில் விழவைக்கும் இடம் மட்டும் இன்றும் ஜோர்.

நிழல் மனிதனைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கேம் முதலில் உருவான ஆப்பிள் II கணினியின் நினைவகத்தில் புதுப் பாத்திரத்துக்கு இடமில்லாமல், இளவரசனின் படங்களையே கொஞ்சம் மாற்றி உருவாக்கப்பட்டவன் அவன். நான்காவது லெவலில் கண்ணாடியிலிருந்து வெளியே வருகிறான். பன்னிரண்டாவதில் அவனை வெட்டினால் நம் உயிர் குறைகிறது. வாளை உறையில் போட்டால் அவனும் போடுகிறான். நெருங்கினால் இருவரும் ஒன்றாகிவிடுகிறார்கள். யோசித்தால் பிடிபடும் புதிர், அருமை. அடுத்து வருவதுதான் அநியாயம். வெறும் பள்ளத்தை நோக்கி ஓட வேண்டும், காலடியில் கல் தானாக முளைக்கும். ஒரு குறிப்பும் கிடையாது. மூன்று மாடி உயரத்திலிருந்து விழுந்தால் சாவு என்று அதுவரை நமக்குப் பாடம் எடுத்த கேம் இது! நம்பிக்கையின் சோதனை என்று இதைப் புகழ்வோர் உண்டு. யாராவது சொல்லிக்கொடுத்தால்தான் தெரியும் என்ற விஷயத்தை நான் புதிர் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இதையெல்லாம் எஃப்6 சரிசெய்யும் என்று நினைத்தேன். சரிசெய்கிறது, கூடவே பயத்தையும் கொன்றுவிடுகிறது. தாவலுக்குத் தாவல் சேவ் செய்தால் காலை நீட்டிப் பார்க்கும் அந்த அசைவுக்கே வேலையில்லை. எஸ்டிஎல்பாப்பின் அமைப்புக் கோப்பில் தொடக்க நிமிடங்களை மாற்றும் வசதி இருக்கிறது. அதை 120 ஆக்கிவிட்டு, எஃப்6 பக்கம் போகாமல் ஆடுகிறேன். புதிதாக ஆடுபவர்களுக்கும் இதையே சொல்வேன். ஜாஃபருடனான கடைசிச் சண்டை என்னவோ அப்படியும் சப்பென்றுதான் இருக்கிறது.