200 லிட்டர் பயோடீசல் கலன்: எட்டு மாதம் ஓட்டிய பிறகு

பழைய சமையல் எண்ணெயைப் பயோடீசலாக்கி விற்கும் சின்னத் தொழில் என்னுடையது. எண்ணெயோடு மெத்தனாலும் (ஒரு வகை ஆல்கஹால்) காரமும் (காஸ்டிக் சோடா போன்றது) சேர்த்துச் சூடாக்கி வினைபுரிய வைக்க வாங்கிய கலன் இது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அடிப்பகுதி கூம்பு வடிவம். வினையில் பிரியும் கிளிசரின் அடியில் படிந்ததும் வால்வைத் திறந்தால் கருப்பாக இறங்கி, நிறம் மாறும் இடம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். முன்பு வைத்திருந்த தட்டை அடி டிரம்மில் இந்தச் சுகம் கிடையாது. வெப்பமும் 55 டிகிரியில் அசையாமல் நிற்கிறது. மெத்தனால் 65 டிகிரியை எட்டும் முன்பே கொதித்துவிடும். அதன் ஆவி தீப்பிடித்தால் சுடர்கூடச் சரியாகத் தெரியாது. ஆகவே இது வெறும் வசதி அல்ல, உயிர் விஷயம்.

குறை பம்ப்பில். சீல் சாதாரண ரப்பர். பயோடீசலில் அது ஊறி உப்பிவிடும். மூன்றாம் மாதமே கசிந்தது. விற்றவரைக் கேட்டால், "எல்லாரும் இதைத்தானே போடுறாங்க" என்றார். பயோடீசலைத் தாங்கும் 'விட்டான்' (Viton) என்ற ரப்பரில் செய்த சீலை நானே வாங்கி மாற்றினேன். அதன் பிறகு தொந்தரவில்லை.

கையேடு இன்னொரு கூத்து. எந்த எண்ணெய்க்கும் ஒரே அளவு காரம் என்று போட்டிருக்கிறது. பலமுறை பொரித்த எண்ணெயில் அமிலம் கூடியிருக்கும். டைட்ரேஷன் (எண்ணெயின் அமிலத்தை அளக்கும் சோதனை) செய்து கார அளவைக் கணக்கிடாவிட்டால் சோப்புதான் மிஞ்சும். என் இரண்டாவது ஈடு அப்படித்தான் போனது. இப்போது ஒவ்வொரு ஈட்டிலும் 3 மில்லி பயோடீசல் எடுத்து 27 மில்லி மெத்தனாலில் குலுக்கிப் பார்க்கிறேன். அடியில் எண்ணெய் தங்கினால் வினை முடியவில்லை என்று அர்த்தம்.

பயோடீசலின் ஈரத்தைப் போக்கும் உலர்த்தும் தொட்டியைத் தனியாகத்தான் வாங்க வேண்டும்; விளம்பரப் படத்தில் மட்டும் சேர்ந்தே நிற்கிறது.