தூக்கத்துக்கு 86 மார்க், குறட்டைக்குக் கணக்கே இல்லை

பையனுக்குப் பத்து வயது, எடை 52 கிலோ. பள்ளி விட்டால் டியூஷன், டியூஷன் விட்டால் டிவி. இந்த வயதில் தினம் ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், இவன் பதினைந்து நிமிடம் ஓடினாலே எங்களுக்குத் திருவிழா. சரி, கையில் ஒன்றைக் கட்டிவிட்டாலாவது நடப்பான் என்று 2,499 ரூபாய்க்கு ஒரு ஃபிட்னஸ் பேண்ட் வாங்கினேன். நான்கு மாதம் ஆகிறது. கம்பெனி பெயர் வேண்டாம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், நடக்க வைத்தது. முதல் வாரம் சோபாவில் உட்கார்ந்தபடியே கையை ஆட்டி ஆட்டி 3,000 அடி சேர்த்தான் (காட்டிக்கொடுத்தது தங்கை). அப்புறம் என் பழைய பேண்டை அப்பத்தா கையில் கட்டிவிட்டோம். சாயங்காலம் இரண்டு பேரும் தெப்பக்குளத்தைச் சுற்றிவிட்டு வருவார்கள். 68 வயது அப்பத்தாவுக்கு நானூறு அடி கூடுதலாகக் காட்டினால் இவனுக்குப் பொறுக்காது, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே மீதியை நடந்து முடிப்பான். சார்ஜ் ஆறு நாள் நிற்கிறது. வார்தான் மோசம், மதுரை வெயிலில் வேர்த்துத் தடிப்பு வந்துவிட்டது, துணி வார் தனியாக வாங்கினோம்.

என் புகார் தூக்கக் கணக்கில். அவன் குறட்டை விடுவான். "அலுத்துத் தூங்குறான், விடும்மா" என்பார் என் அத்தை, அதாவது அவன் அப்பத்தா. எனக்கு உறுத்தியது குறட்டை இல்லை, அது நடுவில் சட்டென்று நின்றுபோய், நெஞ்சு மட்டும் ஏறி இறங்கி, கொஞ்ச நேரம் கழித்து ஒரு திணறலோடு மறுபடி தொடங்குவதுதான். வாயைத் திறந்து, கழுத்தைப் பின்னால் சாய்த்து, தலையணை நனைய வேர்த்துக் கிடப்பான். காலையில் ஆப்பைத் திறந்தால் தூக்கம் 86, ஆக்சிஜன் சராசரி 97, பச்சையில் ஒரு சிரிப்புப் பொம்மை. அதை நம்பி இரண்டு மாதம் சும்மா இருந்துவிட்டேன்.

வகுப்பில் கவனம் இல்லை, சிடுசிடுக்கிறான் என்று ஆசிரியை சொன்ன பிறகுதான் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனோம். டான்சில் பெருத்திருக்கிறது என்று ஓர் இரவு தூக்கப் பரிசோதனைக்கு அனுப்பினார். தலையில் வயர், மூக்கில் குழாய், நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டை, விரலில் கிளிப். ரோபோ மாதிரி இருக்கேன் என்று அவனுக்கு ஒரே குஷி. மணிக்கு 6 முறை மூச்சு தடைபடுகிறது என்று ரிப்போர்ட் வந்தது. ஆறுதானே என்றேன். பெரியவர்களுக்குத்தான் 5 வரை விடலாம், பிள்ளைகளுக்கு 1 தாண்டினாலே பார்க்கணும் என்றார் டாக்டர்.

பேண்டுக்கு இது எப்படித் தெரியும்? கை அசைவையும் நாடித் துடிப்பையும் வைத்துத் தூக்கத்தைக் கணிக்கிறது, மூக்கில் காற்று போகிறதா என்று பார்க்க அதில் ஒன்றும் இல்லை. சில விநாடி இறங்கி ஏறும் ஆக்சிஜனும் ராத்திரி முழுவதன் சராசரியில் கரைந்துபோகிறது. பெட்டியைத் தேடி எடுத்துப் பார்த்தால் அடியில் பொடி எழுத்தில், இது மருத்துவக் கருவி அல்ல. அப்புறம் எதற்கு அந்தச் சிரிப்புப் பொம்மை?

முழுப்பரீட்சை லீவில் ஆபரேஷன். எடை கூடின பிள்ளைகளுக்கு அதற்குப் பிறகும் மூச்சுத் தடை கொஞ்சம் மிச்சம் இருக்கலாம், நடையை மட்டும் விடாதீங்க என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அமெரிக்காவின் ஜார்ஜியாவில் 7 முதல் 11 வயதுக் குண்டுப் பிள்ளைகளைப் பள்ளி விட்டதும் 20 அல்லது 40 நிமிடம் என்று 13 வாரம் ஓடியாட வைத்ததில், எடை பெரிதாக மாறாமலே குறட்டை குறைந்ததாக 2006ல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. எடைமெஷின் முள் அசையாத வாரங்களில் அதை நினைத்துக்கொள்கிறேன்.

அடி எண்ண நான்கு நட்சத்திரம், தூக்கத்துக்கு ஒன்றுகூட இல்லை. ராத்திரியில் இவன் பேண்டைக் கழற்றி மேசையில் வைத்துவிடுகிறோம். அத்தைதான் கழற்ற மாட்டேன் என்கிறார், நேற்று அவருக்கு 91.