இசிஜி மானிட்டரில் கரகரப்பு: ஃபில்டரா, எர்த்தா, ஸ்டிக்கரா?

மானிட்டரில் இதயக் கோடு தடித்துப்போய்ப் புல் முளைத்த மாதிரி தெரிந்தால், வார்டில் ஆளுக்கொரு வைத்தியம் வைத்திருப்பார்கள். சிஸ்டர் மெனுவுக்குள் போய் ஃபில்டரைப் போடுவார். எலக்ட்ரீஷியன் அண்ணன் "எர்த் சரியில்ல" என்பார். நாகர்கோவிலுக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையே இந்த வேலைக்காகவே பைக்கில் அலைகிறவன் நான். என் ஓட்டு நெஞ்சில் ஒட்டும் ஸ்டிக்கருக்குத்தான்.

முதலில், வந்திருப்பது கரண்ட் தொல்லைதானா? நம் லைன் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் பேப்பர் எடுத்தால் ஒவ்வொரு சின்னக் கட்டத்திலும் 2 அலை, பெரிய கட்டத்தில் 10. எண்ணிப் பார்த்துவிடலாம். ஒழுங்கில்லாமல் கன்னாபின்னாவென்று இருந்தால் அது குளிரில் நடுங்கும் தசை, போர்வை போதும்.

ஃபில்டரின் பலம், செலவே இல்லை, அரை நிமிடத்தில் கோடு சுத்தம். மானிட்டர் மோடு பொதுவாக 0.5 முதல் 40 ஹெர்ட்ஸ் வரை மட்டும் உள்ளே விடும். டயக்னோஸ்டிக் மோடு 0.05 முதல் 150 வரை. துடிப்பை எண்ண முதலாவது போதும். மாரடைப்புச் சந்தேகத்தில் எஸ்டி பகுதியை (துடிப்பின் கூர்முனைக்கும் அடுத்த மேட்டுக்கும் இடையிலுள்ள கோடு) பார்க்க வேண்டுமென்றால் அதை நம்ப முடியாது, அந்த இடமே வளைந்து காட்டும். அப்புறம், செகண்ட் ஹேண்டில் வாங்கிய மானிட்டர்களில், கரண்ட் அலையை மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டர் 60-இல் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். அது அமெரிக்க லைனின் கணக்கு. 50-க்கு மாற்றாமல் எத்தனை முறை அமுக்கினாலும் பலனில்லை. சரி, மாற்றியாயிற்று, கோடும் அழகாகிவிட்டது. ஆனால் காய்ந்துபோன ஸ்டிக்கர் அடியில் அப்படியேதான் இருக்கும். நடுராத்திரி அது கழன்று அலாரம் அடிக்கும்போது வார்டே எழுந்து உட்காரும்.

எர்த் விஷயத்தில் எலக்ட்ரீஷியன் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. எர்த் குழிக்கு ஈரம் வேண்டும். கடலோர மணலில் தண்ணீர் நிற்பதில்லை, உப்புக் காற்று கிளாம்பை அரிக்கிறது. மேற்கே செம்மண்ணிலும் கோடையில் குழி காய்ந்துவிடும். ஜூனில் மழை விழுந்ததும் தொல்லை தானாகக் குறைந்த இடங்கள் உண்டு. ஆனால் குழி தோண்டுமுன் ஒரு சோதனை: மானிட்டரின் பிளக்கைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட விடுங்கள். கரகரப்பு போய்விட்டால் பவர் லைனையோ எர்த்தையோ சந்தேகிக்கலாம். போகவில்லையென்றால் பெரும்பாலும் ஸ்டிக்கர், கேபிள், இல்லாவிட்டால் பக்கத்தில் ஓடும் ஏதாவது ஒன்று. எர்த் பின்னையே பிடுங்கிவிட்டால் கோடு தெளிகிறது என்று ஒருவர் எனக்குச் செய்து காட்டினார். தெளியலாம். கசியும் கரண்டுக்கு அப்புறம் நோயாளியின் உடம்புதான் வழி. அதை மட்டும் செய்யவே கூடாது.

இனி ஸ்டிக்கர். இதயத்திலிருந்து தோலுக்கு வரும் சிக்னல் சுமார் 1 மில்லிவோல்ட். அறையில் ஓடும் வயர்களிலிருந்து உடம்பு வாங்கிக்கொள்ளும் 50 ஹெர்ட்ஸ் அதைவிடப் பெரிதாகவே இருக்கலாம். இரண்டு ஸ்டிக்கரிலும் பொதுவாக வருவதை மானிட்டர் கழித்துவிடும். தராசு மாதிரிதான்: இரண்டு தட்டும் சமமாக இருந்தால் கழிந்துவிடும், ஒன்றில் ஜெல் காய்ந்திருந்தால் மிச்சம் கோட்டில் ஏறிவிடும். எங்கள் மாவட்டத்தில் இதற்கு முதல் காரணம் தேங்காயெண்ணெய். ஒரு பாட்டியின் நெஞ்சில் ஸ்டிக்கர் மூன்று தடவை வழுக்கியது. பக்கத்தில் இருந்த தங்கச்சிப் பாட்டி மெதுவாகச் சொன்னார்: "ராத்திரி இருமுச்சுன்னு நாந்தான் மக்களே சூடா தேச்சேன்." சோப்புத் தண்ணீரில் துடைத்து, உலர்த்தி, காஸ் துணியால் லேசாகத் தேய்த்து, புது ஸ்டிக்கர் ஒட்டினோம். ஃபில்டரைத் தொடவேயில்லை.

எந்த ஸ்டிக்கர் என்று தேடவும் வழி இருக்கிறது. நெஞ்சில் ஒட்டினாலும் ஸ்டிக்கர்களுக்குக் கை, கால் பெயர்தான்; லீட் என்பது அவற்றில் இரண்டுக்கு இடையே எடுக்கும் கோடு. லீட் 1 சுத்தமாக இருந்து 2, 3 இரண்டும் கரகரத்தால் இடது கால். 1, 2 என்றால் வலது கை. 1, 3 என்றால் இடது கை. எல்லாமே கரகரத்தால் வலது கால் ஸ்டிக்கரையும் கேபிளையும் பார்த்துவிட்டுத்தான் எர்த்துக்குப் போவேன். ஒரு எச்சரிக்கை: கேபிளில் இரண்டு நிற முறை உண்டு. ஒன்றில் சிவப்பு வலது கை, இன்னொன்றில் சிவப்பு இடது கால். கேபிள் மாற்றிய வாரத்தில் இந்தக் குழப்பம் கண்டிப்பாக வரும்.

மானிட்டர் 180 என்று கத்தும்போது விரல் கிளிப்பில் நாடி 78 என்று ஓடினால், முதலில் நோயாளியின் முகத்தைப் பாருங்கள், அப்புறம் ஸ்டிக்கரை.

கடைசியாக நான் போன சின்ன ஆஸ்பத்திரியில் புது எர்த் குழிக்குக் கொட்டேஷனே வாங்கி வைத்திருந்தார்கள். கட்டிலின் கால்மாட்டில் ஏர் பெட் பம்ப் தொங்கியது. அதன் பவர் வயரை இசிஜி கேபிள் மூன்று சுற்றுச் சுற்றியிருந்தது, தரையில் கிடக்க வேண்டாமென்று யாரோ அக்கறையாகச் செய்த வேலை. பிரித்து எதிர்ப்பக்கம் போட்டதும் கோடு தெளிந்தது. கொட்டேஷன் இன்னும் மேட்ரன் மேஜையில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.