வன்னியில் தோட்டக்காணி தேடுகிறவர்களுக்கு: என் மூன்றரை லட்சம் போன விதம்

நேற்றுப் பின்னேரம்தான் காணித் தரகர் கந்தோரிலிருந்து வெளியே வந்தேன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. மூன்றரை லட்சம் ரூபா!

இரண்டு ஏக்கர் மேட்டுக்காணி, ஒரு கிணறு, நாலு ஆடு, வீட்டுக்குத் தேவையான மரக்கறி. கடையை நம்பாமல் சீவிக்க வேண்டும் என்பதுதான் ஆசை. மண், தண்ணீர், பத்திரம் எல்லாம் ஆராய்ந்து காணி எடுத்துத் தருகிறோம் என்று விளம்பரம் போடுகிற ஒரு தரகு நிறுவனத்திடம் போனேன். பேர் வேண்டாம்.

மார்கழியில் கூட்டிப்போனார்கள். புளியங்குளத்தில் ஏ9 பாதையை விட்டுத் திரும்பி, நெடுங்கேணி தாண்டி உள்ளே. எங்கும் பச்சை. கிணற்றில் தண்ணீர் கைக்கெட்டும் உயரத்தில் நின்றது. கூட வந்த பொடியன் குனிந்து அள்ளிக் குடித்துவிட்டு, "இளநீர் மாதிரி இருக்கு அண்ணை, குடிச்சுப் பாருங்கோ" என்றான். குடித்தேன். அந்த ஒரு கைத் தண்ணீரில்தான் விழுந்தேன். நான் யாழ்ப்பாணத்து வலிகாமத்தான், எங்கள் சுண்ணாம்புக்கல் கிணறு கோடையிலும் வற்றி நான் கண்டதில்லை. வன்னியில் பெரும்பாலும் அடியில் கடும்பாறை, மாரி மழையில் எந்தக் கிணறும் நிறையும் என்று யோசிக்கவே இல்லை. அன்றைக்கே மூன்றரை லட்சம் முற்பணம் கட்டினேன்.

போன கிழமை, ஆவணி வெயிலில், சொல்லாமல் கொள்ளாமல் தனியாகப் போய்ப் பார்த்தேன். கிணற்றடியில் பாறையும் சேறும். வேலியோரம் யானை லத்தி. பக்கத்துக் காணி ஐயா என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, இது பேர்மிற் காணியெல்லோ, ஆர் உங்களுக்கு வித்தது?" பிரதேச செயலகத்திலும் அதையேதான் சொன்னார்கள். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில், அதாவது பேர்மிற்றில், கொடுத்த காணி, நினைத்தபடி விற்க முடியாதாம். பத்திரம் ஆராய்ந்த லட்சணம் இது!

அப்புறம் தொடங்கியது அலைச்சல். "சேர் கொழும்பில நிக்கிறார்." "திங்கள் எடுங்கோ." திங்கள் எடுத்தால் போன் கட். நேற்று நேரே போனேன். குளிரூட்டிய அறையில் தேத்தண்ணி தந்து, பற்றுச்சீட்டைத் திருப்பிக் காட்டினார்கள். அதில் முற்பணம் என்றே இல்லை. "காணி மதிப்பீட்டுச் சேவை" என்று கிடந்தது. சேவைக் காசு திரும்பாதாம். மூன்றரை லட்சத்துக்கு என்ன சேவை? ஒரு கை தண்ணீர்!

காணி பார்ப்பது எப்படி என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனம் ஓடவில்லை. ஆவணி, புரட்டாதியில் போய்க் கிணற்றைப் பாருங்கள். சொந்த உறுதிப் பத்திரம் உள்ள காணியா, பேர்மிற்றா என்று செயலகத்தின் காணிப் பிரிவில் நீங்களே கேளுங்கள். யானை வருமா என்று அயலில் விசாரியுங்கள், தரகரிடம் அல்ல. பற்றுச்சீட்டை அங்கேயே நின்று வாசித்துவிட்டுக் காசைக் கொடுங்கள். நாளைக்குப் பொலிசுக்குப் போகிறேன்.