லிபியக் கடலோரம் ஒரு கடும் நடை: ஹோரா ஸ்ஃபாகியோனிலிருந்து அயா ரூமெலி வரை

கிரேக்க நாட்டின் கிரீட் தீவில் தென்மேற்குப் பகுதிக்குச் செல்கிறவர்களில் பெரும்பாலோர் சமாரியா மலையிடுக்கில் இறங்கி நடந்து, அதன் வாயிலில் இருக்கும் அயா ரூமெலி என்ற சிற்றூரில் படகேறித் திரும்பிவிடுகிறார்கள். அந்தப் படகு கிழக்கு நோக்கிச் செல்லும்போது இடப்பக்கம் சுவர்போல் எழுந்து நிற்கும் கரையின் மீதே ஒரு நடைபாதை போகிறது. ஸ்பெயினில் தொடங்கிச் சைப்ரஸ் வரை நீளும் ஈ4 என்ற ஐரோப்பிய நெடும்பாதையின் ஒரு துண்டு அது. ஹோரா ஸ்ஃபாகியோனுக்கும் அயா ரூமெலிக்கும் இடையிலான அந்த ஏறத்தாழ 20 கிலோமீட்டரை நடந்து பார்த்தபின், சமாரியாவுக்கு ஒரு நாள்தான் ஒதுக்க முடியும் என்பவரிடம்கூட இந்தக் கரைப்பாதையையே பரிந்துரைப்பேன். மலையிடுக்கில் கூட்டத்தோடு கூட்டமாக இறங்குகிறோம். இங்கே கடலும் மலையும் நாமும் மட்டும்தான். ஆனால் இது எல்லோருக்கும் உரிய பாதை அன்று. யாருக்கு உரியது, எங்கே கடினம், செலவிடும் உழைப்புக்கு எது ஈடு தருகிறது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது.

வடகரையில் உள்ள ஹானியா நகரிலிருந்து ஹோரா ஸ்ஃபாகியோன் சுமார் 70 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. பேருந்து அஸ்கிஃபு மேட்டுநிலத்தைக் கடந்து தென்கரைக்கு வளைந்து வளைந்து இறங்கும்போதே லிபியக் கடல் முழு அகலத்தில் விரிகிறது. 1941 மே மாத இறுதியில், கிரீட் போரில் தோற்ற நேச நாட்டுப் படையினர் ஆயிரக்கணக்கில் இந்தச் சிறு துறையிலிருந்துதான் இரவோடு இரவாகக் கப்பலேற்றப்பட்டார்கள். வெண்மலைகள் என்ற மலைத்தொடரைக் கால்நடையாகக் கடந்து அவர்கள் வந்து சேர்ந்த நிலம் எத்தகையது என்பது நடக்கத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே நமக்கும் விளங்கிவிடும்.

தொடக்கம் சற்றே சலிப்பூட்டும். அனோபோலி செல்லும் தார்ச்சாலையில் அரை மணி நேரத்துக்கு மேல் ஏறி, முதல் கொண்டை ஊசி வளைவை அடைந்த பின்னரே ஒற்றையடிப் பாதை இடப்பக்கமாகப் பிரிகிறது. அதன் பிறகு சலிப்புக்கு இடமே இல்லை. பாறையைக் குடைந்தும் கல்லடுக்கியும் அமைத்த பாதை செங்குத்துச் சரிவின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு போகிறது. வலக்கை பாறையைத் தொடும், இடப்பக்கம் கால் வைக்க இடமின்றி நேராகக் கீழே கடல். ஒருவர் தாராளமாக நடக்கலாம், ஆனால் எதிரே ஆள் வந்தால் இருவரில் ஒருவர் பாறைப்பக்கம் ஒதுங்கி நின்றாக வேண்டும். கைப்பிடிக் கம்பி எதுவும் கிடையாது. மேலிருந்து உருண்டு விழுந்த கற்கள் சில இடங்களில் பாதையில் கிடக்கும். ஆடுகள் மேலே மேயும்போது கற்கள் சரிவது உண்டென்பதால், மணியோசை கேட்டால் நிமிர்ந்து பார்த்துவிட்டு நடக்க வேண்டும். ஏறவோ பற்றித் தொங்கவோ தேவை இல்லை. உயரத்தைக் கண்டால் தலைசுற்றுகிறவர்களுக்கு மட்டும் இந்தப் பகுதி வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். அவர்கள் வழியில் உள்ள லூத்ரோ என்ற ஊர் வரை படகில் போய், அங்கிருந்து மேற்கே நடக்கலாம்.

சரிவைக் கடந்து கீழே இறங்கினால் கிளிகா நெரா. கூழாங்கல் பரவிய நீண்ட கரை, பின்னால் பாறைச்சுவர், முன்னால் பச்சையும் நீலமும் கலந்த நீர். வெண்மலைகளில் பெய்யும் மழையும் உருகும் பனியும் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி, நிலத்தடியிலேயே ஓடி, இந்தக் கரையின் கற்களுக்கு அடியில் நன்னீராக வெளிப்படுகின்றன. அலை வந்து போகும் இடத்திலிருந்து சில அடி தள்ளி, முன்பு வந்தவர்கள் கல்லை விலக்கி அமைத்த சிறு குழிகளைக் காணலாம். அதில் ஒன்றைக் கையால் இன்னும் சற்றுத் தோண்டினால் கலங்கிய நீர் ஊறும். சிறிது பொறுத்தால் தெளியும். அள்ளிக் குடித்தால் பல் கூசும் அளவுக்குக் குளிர்ச்சி, உப்பின் சுவடே இல்லை. குளிக்க இறங்கினாலும் இதே வியப்புதான்: மேலே வெதுவெதுப்பான கடல்நீர், காலடியில் சில்லென்ற ஊற்றுநீர். இவ்வளவு தூரம் நடந்ததற்கு இந்த ஓர் இடமே போதும் என்று தோன்றும்.

அங்கிருந்து பெரும் பாறைகளுக்கிடையே புகுந்து ஏறி ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்தால் லூத்ரோ. சாலையே இல்லாத ஊர் இது. படகில் வர வேண்டும், இல்லையேல் நடந்து வர வேண்டும். வளைந்த விரிகுடாவை ஒட்டி ஒற்றை வரிசையாக நிற்கும் வெள்ளை வீடுகள் பெரும்பாலும் விடுதிகளோ உணவகங்களோதான். அறைகள் எளிமையானவை, தூய்மையானவை. கடலைப் பார்த்த மாடம் உள்ள அறையைக் கேட்டு வாங்குங்கள். மெல்லிய மாவுக்குள் மிஸித்ரா பாலாடைக்கட்டியை வைத்துத் தட்டிச் சுட்டு, மேலே தேன் ஊற்றித் தரும் ஸ்ஃபாகியா அடையை இங்கே சாப்பிடாமல் போகக்கூடாது. முழுப் பாதையையும் ஒரே நாளில் முடிக்கத் துடிக்கும் வலுவான நடையர்களும் இருக்கிறார்கள். என் கருத்தில் அது இந்தக் கரைக்குச் செய்யும் அநீதி. லூத்ரோவில் ஒரு இரவு தங்கி, விடியும்போது இரண்டாம் பகுதியைத் தொடங்குவதே முறை.

லூத்ரோவை அடுத்த முனையைத் தாண்டியதும் வரும் ஃபீனிகாஸ் விரிகுடா, விவிலியத்தின் அப்போஸ்தலர் நடபடிகள் 27-ஆம் அதிகாரத்தில் வரும் பேனிக்ஸ் துறைமுகத்தோடு இணைத்துச் சொல்லப்படுவது. பவுலை ரோமுக்குக் கைதியாகக் கொண்டுபோன கப்பல் குளிர்காலத்தைக் கழிக்க இங்கே வந்து சேர முயன்று, கடுங்காற்றில் சிக்கி, கடைசியில் மால்டாவில் உடைந்தது. காற்று மலையிலிருந்து திடீரென்று பாய்ந்திறங்கும் ஒரு நாளில் இந்த முனையில் நின்றவர்களுக்கு அந்த அதிகாரம் வெறும் கதையாகத் தோன்றாது.

லீகோஸ் கரையைக் கடந்ததும் பாதை கரடுமுரடாகிறது. கூரிய சுண்ணாம்புப் பாறைகளின் மேல் கையூன்றி ஏற வேண்டிய சில இடங்கள் உள்ளன. இங்கே குறியடையாளங்களும் வெயிலில் வெளுத்து, எது வழி எது ஆட்டுத்தடம் என்று தயங்க வைக்கின்றன. அரதேனா மலையிடுக்கின் வாயிலில் இருக்கும் மர்மரா கரையும், அதன் பக்கத்தில் அலை அரித்துக் குடைந்த பளிங்கு நிறப் பாறைகளும் அந்தத் தயக்கத்தை மறக்கடிக்கும். பருவகாலத்தில் மேலே ஓர் உணவகம் திறந்திருக்கும். தண்ணீரை இங்கே முழுதாக நிரப்பிக்கொள்ள வேண்டும். இதை நான் வற்புறுத்திச் சொல்லக் காரணம் உண்டு.

மர்மராவுக்கு மேற்கே உள்ள நீண்ட சரிவுதான் இந்தப் பாதையின் உண்மையான சோதனை. உயரம் பெரிதில்லை, அபாயமான விளிம்புகளும் குறைவு. ஆனால் மணிக்கணக்கில் நிழலும் இல்லை, ஊற்றும் இல்லை, கரைக்கு இறங்க வசதியான வழியும் இல்லை. தெற்கு நோக்கிய சரிவு என்பதால் காலை முதல் மாலை வரை வெயில் நேராக விழுகிறது. பாறை அதை வாங்கி நம்மீதே திருப்பி வீசுகிறது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இந்தச் சரிவில் நடுப்பகலில் நடப்பதை எந்தக் காரணம் சொல்லியும் நியாயப்படுத்த முடியாது. ஏப்ரல் இறுதியும் மே மாதமும், பிறகு செப்டம்பர் இறுதியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரையும் ஏற்ற காலம். வசந்தத்தில் தைம் செடியும் காட்டுப் பூக்களும் சரிவெங்கும் மணக்கும், மலை முகட்டில் பனி மிச்சமிருக்கும். இலையுதிர் காலத்தில் கடல் குளிக்க இதமாக இருக்கும். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் என்பது என் கணக்கில் மிகையன்று.

அந்தச் சரிவு முடியும் இடத்தில் பைன் காடு தொடங்குகிறது. வெயிலில் காய்ந்து வந்த உடம்புக்குப் பைன் நிழலும், மிதித்தால் அமுங்கும் ஊசியிலைப் படுகையும், பிசினின் வாசனையும் தரும் ஆறுதலைச் சொல்லி மாளாது. காட்டினூடே இறங்கினால் அலைக்கு அருகிலேயே நிற்கிறது அயியோஸ் பாவ்லோஸ் என்ற பைசாந்தியச் சிற்றாலயம். 10 அல்லது 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கரையில் கிடந்த கற்களைக் கொண்டே கட்டியிருப்பதால் சற்றுத் தொலைவிலிருந்து பார்த்தால் கரையோடு கரையாகக் கலந்து தெரிகிறது. பவுல் இங்கே இறங்கி ஞானஸ்நானம் கொடுத்தார் என்பது ஊர் வழக்கு. உள்ளே குனிந்து நுழைந்தால் சிலுவை வடிவ அறையும், நடுவே சிறு குவிமாடமும், சுவரில் மங்கிப்போன ஓவியங்களின் மிச்சமும். அதன் பிறகு அயா ரூமெலி வரை கரும் மணலிலும் கூழாங்கல்லிலும் கால் புதைய நடப்பது, களைத்த கால்களுக்கு எதிர்பார்த்ததைவிடக் கடினமாகவே இருக்கும்.

பாதையின் பராமரிப்புக்கு முழு மதிப்பெண் தர இயலாது. மஞ்சளும் கறுப்புமான ஈ4 அடையாளங்கள் தொடக்கத்தில் அடிக்கடி வருகின்றன, தேவைப்படும் இடத்தில் காணாமல் போகின்றன. வழியோரம் அடுக்கி வைத்த கற்குவியல்களை நம்புவது மேல். கைப்பேசியில் இணையமின்றி இயங்கும் வரைபடத்தை முன்பே இறக்கிக்கொள்வது இன்னும் மேல். சரிவின் மடிப்புகளில் அலைவரிசை கிடைக்காத இடங்கள் பல என்பதால், அவசர உதவிக்கு 112 என்ற எண் இருந்தாலும் தனியாகப் போவதை நான் ஊக்குவிக்க மாட்டேன். கணுக்காலைப் பிடிக்கும் தடித்த அடிப்பாகம் கொண்ட காலணி கட்டாயம். விளையாட்டுக் காலணியின் மெல்லிய அடியைக் கூரிய பாறை ஒரே நாளில் கிழித்துவிடும்.

படகுச் சேவைதான் இந்த நடையைச் சாத்தியமாக்குகிறது. அயா ரூமெலிக்கும் கரையோரச் சாலை இல்லை; மாலையில் கிழக்கே புறப்படும் படகே லூத்ரோ வழியாக ஹோரா ஸ்ஃபாகியோனுக்குத் திரும்பச் சேர்க்கிறது. சமாரியாவிலிருந்து இறங்கியவர்கள் பலரும் அதிலேயே ஏறுவதால், சீட்டை முன்னதாக வாங்கிவிட்டுப் பிறகு கடலில் குளிக்கப் போவது உத்தமம். சிற்றூர்களில் செலவுக்கு ரொக்கமாக யூரோ வைத்துக்கொள்ளுங்கள். மேல்தளத்தில் இடப்பக்கம் உட்கார்ந்தால், நடந்து வந்த பாதை முழுவதையும் கடலிலிருந்து பார்த்துக்கொண்டே வரலாம். காற்று பலமாக வீசும் நாட்களில் படகுகள் நிறுத்தப்படும். அப்போது அயா ரூமெலியில் அறை எடுத்துக் காத்திருப்பதைத் தவிர வேறு வழி பெரும்பாலும் இருக்காது. ஆகவே இந்த நடைக்கும் ஹானியாவிலிருந்து புறப்படும் விமானத்துக்கும் நடுவே குறைந்தது ஒரு முழு நாளை விட்டுத் திட்டமிடுங்கள்.