மதுரைல படிக்க திணறுற புள்ளைங்களுக்கு ஒரு சைக்காலஜிஸ்ட், எங்க ஆறு மாச அனுபவம்

மேலூர்ல இருந்து அண்ணா நகர் பக்கம் இருக்குற ஒரு மேடத்துகிட்ட ஆறு மாசமா எம் பையன கூட்டிட்டு போறேன், கேக்குறவங்களுக்கு தனித்தனியா சொல்றதுக்கு இங்கயே எழுதிடுறேன்.

பையன் ஒண்ணாப்பு மொத்தமும் கொரோனாவுல போன்லயே போச்சு, அதனால அவன் துணைக்கால விட்டுட்டு சோறுங்கிறத சேறுன்னு வாசிச்சப்பல்லாம் போன்ல படிச்ச பய அப்டித்தான் இருப்பான்னு நானும் விட்டுட்டேன், டியூஷன் மிஸ்ஸும் அதையேதான் சொன்னாங்க.

மேடம் முதல் நாள் டெஸ்ட் எதுவும் வைக்கல. டேப்ல ஒரு பாட வீடியோவ போட்டு குடுத்துட்டு அவன் கண்ணு எங்க போகுதுன்னு மட்டும் பாத்துட்டு இருந்தாங்க. பேச்சு ஓடுது, கீழ எழுத்து ஓடுது, படம் ஆடுது, மியூசிக் வேற, அவன் எதையும் பிடிக்க முடியாம டேப்ப கவுத்தி வச்சிட்டான். அப்புறம் மியூசிக் இல்லாம, வாசிக்கிற வரி மட்டும் கலர் மாறுற மாதிரி மெதுவா வச்சாங்க பாருங்க, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்றான், எனக்கு அங்கயே அழுகை வந்துருச்சு.

கிளினிக் வைக்கிறதுக்கு முன்னாடி இவங்க பல வருஷம் டிஜிட்டல் பாடம் பத்தின ஆராய்ச்சில வேலை பாத்திருக்காங்க. காது கேக்காத புள்ள, ஆட்டிசம் உள்ள புள்ள, வீட்டுல சௌராஷ்டிரா பேசிட்டு ஸ்கூல்ல தமிழ் படிக்கிற புள்ள, இப்டி ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் உக்காந்து பாடம் சொல்லித்தர்ற மொபைல் ஆப்ல எந்த இடத்துல முட்டி நிக்குறாங்கன்னு குறிச்சு அந்த ஆப்ப செய்றவங்ககிட்ட சொல்றதுதான் வேலையாம். வீடியோ முழுசா ஓடிட்டா படிச்சு முடிச்சிட்டான்னு கம்ப்யூட்டர் கணக்கு எழுதிரும், புள்ள கண்ணு ஜன்னல்ல இருந்திருக்கும்னு சொன்னாங்க. காது கேக்காத புள்ளைக்கு கீழ ஓடுற எழுத்துதான் உசுரு, உங்க பையனுக்கு அதே இடைஞ்சல், அதனால வைக்கிறதும் நிறுத்துறதும் புள்ள கையில இருக்கணும்னாங்க.

ஸ்கூல் இல்லாம விட்டுப்போனதுன்னா திரும்ப சொல்லிக்குடுத்தா சீக்கிரம் பிடிச்சிருவாங்களாம், இவனுக்கு அப்டி இல்லன்னு வாசிக்க வச்சு எழுத வச்சு பாத்து நாலாவது தடவைதான் டிஸ்லெக்ஸியா, அதாவது வாசிக்கவும் எழுதவும் திணற வைக்கிற கற்றல் குறைபாடுன்னு சொன்னாங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல இருக்குற 21 வகைல இதுவும் வருது. பத்தாவது பரிச்சைல கூடுதல் நேரம், சொல்ல சொல்ல எழுத ஆள் எல்லாம் கேக்கலாம், ஆனா எங்க ரிப்போர்ட் மட்டும் பத்தாது, அரசு மருத்துவக் குழு சான்று வேணும்னு தெளிவா சொல்லிட்டாங்க.

குறைன்னா, மாடில இருக்கு, லிஃப்ட் இல்ல, ஒரு அம்மா வீல்சேர் புள்ளைய தூக்கிட்டு ஏறுனத பாக்கவே முடியல, இந்த மாதிரி எடத்துல இது கண்டிப்பா மாறணும். ரிப்போர்ட்டும் இங்கிலீஷ்லதான் தர்றாங்க, உக்கார வச்சு தமிழ்ல விளக்குறாங்கதான், ஆனாலும் வீட்டுல வாசிக்க எங்களுக்கு தமிழ்ல வேணும். அப்பாயின்ட்மென்ட் கிடைக்க மூணு வாரம் ஆச்சு.

யாருகிட்ட போனாலும் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு நம்பர் இருக்கான்னு கேட்டுக்கோங்க. போறப்ப புள்ளையோட பழைய நோட்டெல்லாம் எடுத்துட்டு போங்க, மார்க் ஷீட்ட இவங்க தொடவே இல்ல, நோட்டத்தான் ஒவ்வொரு பக்கமா புரட்டினாங்க.